சங்கிலியை அறுத்தவள்

தன்னிடம் வந்து சேர்ந்த அச்சத்தைப் பிறருக்கு அனுப்பிவிட்டு நிம்மதி பெறுவது அறமாகுமா? பெரிய நூல்களைப் படிக்கும்போதுதான் இத்தகைய கேள்வி எழ வேண்டும் என்பதில்லை. பள்ளிச் சிறுமியருக்கென எழுதப்பட்ட ஓர் அமெரிக்க மர்மக்கதையை அண்மையில் மறுமுறை வாசித்தபோது இக்கேள்வி நம்மை விடாது பற்றிக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு முன் அதைப் படித்தபோது நாம் தேடியது பேயை. இம்முறையோ, கதையின் தொடக்கத்திலேயே குப்பைக்குப் போகும் ஒரு கடிதம்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஆன் எம். மார்ட்டின் என்னும் எழுத்தாளர் 1986-இல் தொடங்கிய 'பேபி சிட்டர்ஸ் கிளப்' என்ற தொடர் 2000 வரை வெளிவந்தது. முதன்மை வரிசையில் மட்டும் 131 நூல்கள். பிற்பகுதியில் பலவற்றை வேறு எழுத்தாளர்கள் எழுதிக் கொடுத்தனர். கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனிபுரூக் என்றொரு கற்பனை ஊர். அங்கே பள்ளி மாணவியர் சிலர் ஒன்றுகூடி, அண்டை வீட்டுப் பெற்றோர் வெளியே செல்லும் வேளைகளில் அவர்தம் குழந்தைகளைக் கூலிக்குப் பார்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்றை நடத்துகின்றனர். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டியில், பழைய துணிமணிகளுக்கிடையே, இத்தொடரின் சில நூல்கள் நம் மீமிசலுக்கு வந்து சேர்ந்தன. தம்பியைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியா என்று இங்குள்ள அக்காள்மார் வியந்ததில் நியாயம் உண்டு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதி முடிப்பவர்கள் அவர்கள். சோறு உண்ண மறுக்கும் தம்பியிடம் "பூச்சாண்டி வருகிறான்" என்று முதலில் சொல்பவர்களும் அவர்களே. குழந்தையைக் காக்கும் கையே அதற்கு அச்சத்தையும் முதன்முதலாக ஊட்டுகிறது என்பது விந்தைதான்.

நாம் குறிப்பிடும் நூல் வரிசையில் 17-ஆவது, 1988-இல் வந்தது. 'மேரி ஆனின் துரதிர்ஷ்ட மர்மம்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மேரி ஆன் கூச்ச சுபாவம் உடைய சிறுமி. அவளுக்கு ஒரு சங்கிலிக் கடிதம் வருகிறது. படியெடுத்துப் பலருக்கு அனுப்பாவிடில் தீங்கு நேரும் என்கிறது அது. அவள் அதை எறிந்துவிடுகிறாள். அதன்பின் நேரும் சிறு சிறு தொல்லைகள் யாவும் அக்கடிதத்தின் கணக்கில் எழுதப்படுகின்றன. பிறகு, கண்ணாடி மணிக்குள் சிறு விதை ஒன்று அடைத்த கழுத்துச் சங்கிலி, இதை அணியாவிட்டால் நடப்பது வேறு என்ற மிரட்டலோடு வந்து சேர்கிறது. அவளும் அணிந்துகொள்கிறாள். தோழியர் அனைவரையும் கலக்கம் பற்றிக்கொள்கிறது. கதை ஹாலோவீன் இரவில், ஒரு கல்லறைத் தோட்டத்தில் போய் முடிகிறது. அங்கே வெளிப்படுவது பேயன்று. மேரி ஆனின் நண்பன்மீது கண் வைத்திருந்த கோக்கி மேசன் என்னும் மாணவியும் அவளுடைய கூட்டாளிகளுமே அங்கே நிற்கின்றனர்.

ஹாலோவீன் என்பதே அனைத்துப் புனிதர் பெருவிழாவின் முன்னிரவுக்கு வழங்கிய பெயர். அக்டோபர் 31-இன் அவ்விரவை முகமூடிக்கும் மிட்டாய்க்கும் உரியதாக அமெரிக்கர் ஆக்கிக்கொண்டனர். நம் பிள்ளைகள் அறிந்ததோ நவம்பர் 2-ஆம் நாளின் கல்லறைத் திருநாள். மழைக் காற்றில் அணைந்து அணைந்து போகும் மெழுகுவர்த்தியை மீண்டும் மீண்டும் ஏற்றிய பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டம் பாட்டனும் பாட்டியும் இருக்கும் இடமேயன்றி அஞ்சும் இடமன்று. ஆகவே இந்நூலின் இறுதிக் காட்சி நம்மவரை அவ்வளவாக நடுங்கச் செய்வதில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை நாம் நன்கு அறிவோம்.

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879-இல் கால் அணா விலைக்கு அறிமுகமாயிற்று. ஏழைக்கும் எட்டிய அவ்விலை, நலம் விசாரிக்க உதவியதுபோலவே மிரட்டவும் உதவிற்று. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் திருப்பதி வேங்கடாசலபதியின் பெயராலும், சந்தோஷி மாதாவின் பெயராலும், வேளாங்கண்ணி அன்னையின் பெயராலும், புனித யூதா ததேயுவின் பெயராலும் தமிழகத்து வீடுகளுக்கு வந்த அட்டைகளை நடுவயதைக் கடந்த வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். பெயர்தான் வேறு, வாசகம் ஒன்றே. படியெடுத்து அனுப்பியவருக்குப் பரிசுச்சீட்டில் பணம் விழுந்தது. கிழித்துப் போட்டவர் பத்தாம் நாள் மகனை இழந்தார். வீட்டில் யாருடைய கையெழுத்து அழகாக இருக்கிறதோ அந்தப் பெண்பிள்ளையிடமே படியெடுக்கும் பணி வந்து சேரும். மகனை இழந்தவரின் கதையை அவள் ஒன்பது முறை தன் கையாலேயே எழுத வேண்டும்.

மீமிசலிலும் அடுத்துள்ள கோபாலப்பட்டினத்திலும் திரளாக வாழும் இசுலாமிய உடன்பிறப்புகளுக்கும் இது புதிதன்று. மதீனாவில் நபிகளாரின் அடக்கத்தலத்தைக் காக்கும் ஷேக் அகமது என்பவர் கண்ட கனவு என்று தொடங்கும் கடிதம் நூறாண்டுக்கும் மேலாக உலகைச் சுற்றுகிறது. 1880-களிலேயே அது இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் உலவியதை ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் டச்சு அறிஞர் எழுதிவைத்துள்ளார். சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர் பின் பாஸ் அதைப் பொய் என்று வெளிப்படையாக மறுத்தார். கடிதம் நிற்கவில்லை.

திருச்சபையின் வரலாற்றிலோ இது இன்னும் பழமையானது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில், கிறிஸ்துவே எழுதி வானிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மடலை இபிசாத் தீவின் ஆயர் வின்சென்ட் நம்பி மக்களுக்கு வாசித்துக் காட்டினார். கார்த்தகேனாவின் ஆயர் லிசினியானுஸ் அவரைக் கடிந்து எழுதினார். 745-இல் உரோமையில் திருத்தந்தை சக்கரியாஸ் கூட்டிய மன்றம், அத்தகைய மடல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மக்களை ஈர்த்த அல்தெபெர்ட் என்பவரைக் கண்டித்தது. 789-இல் பேரரசர் சார்லமேன், வானிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படும் மடல்களை நம்பாமலும் வாசிக்காமலும் எரித்துவிடுமாறு ஆணையிட்டார். ஓர் ஆயரையே ஏமாற்றிய ஒன்று ஓர் இல்லத்தரசியை ஏமாற்றியதில் வியப்பில்லை.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. உள்ளபடியே நம்பி, இதனால் பிறருக்கும் அருள் கிட்டும் என்று எண்ணி அனுப்பும் எளிய மனிதர் ஒருபுறம் இருக்கட்டும். அவரிடம் அறியாமை உண்டு, தீமை இல்லை. நம்மில் பெரும்பாலோர் அவரல்லர். "இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் எதற்கு வம்பு" என்று சொல்லிக்கொண்டே அனுப்புகிறவர்கள் நாம். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டி வாழ்வதே நலம் என்றார். அவர் பந்தயத்தில் வைக்கச் சொன்னது ஒருவன் தன் சொந்த வாழ்வை. எதற்கு வம்பு என்பவரோ அடுத்தவர் வாழ்வை வைத்து ஆடுகிறார். தீங்கு வரும் என்பதில் அவருக்கு நூற்றில் ஒரு பங்கேனும் ஐயம் இருக்குமானால், அந்த ஒரு பங்குத் தீங்கை அவர் ஒன்பது வீடுகளுக்கு அனுப்புகிறார். ஐயமே இல்லையென்றால் அனுப்பக் காரணமும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் கணக்கு நேர்படவில்லை.

ஒன்பது பேர் ஒவ்வொருவரும் ஒன்பது பேருக்கு அனுப்பினால், ஒன்பதாவது சுற்றில் கடிதங்கள் 38 கோடியைத் தாண்டும். பத்தாவது சுற்றில் 348 கோடி. இவ்வளவு கடிதங்களும் எழுதப்படாமல் போனதற்கு, வாளாவிருந்த எண்ணற்றவர்களே காரணம். அவர்களில் சோம்பேறிகளும் இருப்பர், மறதிக்காரர்களும் இருப்பர். கலங்கிய நெஞ்சோடு, விளக்கை அணைத்த பின்னும் உறங்காமல் கிடந்து, காலையில் அட்டையை அடுப்பில் இட்டவர்களும் சிலர் இருப்பர். நாம் போற்றுவது அந்தச் சிலரையே. அச்சமே இல்லாதவன் கிழித்துப் போடுவது எளிது. மேரி ஆன் அஞ்சினாள். எறிந்ததற்காகப் பின்னர் வருந்தவும் செய்தாள். ஆயினும் அந்தக் கடிதம் அவளைக் கடந்து செல்லவில்லை.

நம் ஊர் போன்ற கரையோர ஊர்களில் இத்தகைய மிரட்டல் ஏன் ஆழமாக இறங்குகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டில் கணவன் பாக் நீரிணையில் வலை வீசச் சென்றிருப்பான். இன்னொரு வீட்டில் வளைகுடா நாடொன்றில் வேலை செய்துகொண்டிருப்பான். கடலில் காற்றும் உண்டு, எல்லை தாண்டியதாகப் பிடித்துச் செல்லும் இலங்கைக் கடற்படையும் உண்டு. வீட்டிலுள்ள பெண்ணின் நெஞ்சில் ஏற்கெனவே ஓர் அச்சம் குடியிருக்கிறது. கடிதம் எழுதியவன் அதை உண்டாக்கவில்லை. அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறான். அவளைப் பார்த்து அறிவில்லாதவள் என்று சிரிப்பவர் முதலில் ஒருநாள் அவள் வாசலில் அமர்ந்து படகுக்காகக் காத்திருக்கட்டும்.

அஞ்சலட்டையின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்ட பின், படியெடுக்கும் உழைப்பும் இல்லாமற் போயிற்று. ஒன்பது முறை எழுதுகையில் கை வலிக்கும். வலிக்கும்போது சற்றே எண்ணவும் இடம் கிடைக்கும். 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டார்கள் என்ற செய்தி தமிழகமெங்கும் வாட்ஸ்அப் வழியே பரவிற்று. அனுப்பியவர்களில் பலரும் தாய்மார், தந்தைமார். தம் குழந்தைகளைக் காக்கவென்றே அனுப்பினர். அவ்வாண்டு மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி ஒரு குடும்பம் காரில் வந்தது. அதில் வந்த, அறுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அவரை அடித்தே கொன்றது; உடன் வந்தோர் படுகாயமுற்றனர். ஹாலோவீன் இரவில் முன்பின் அறியாதவர் வாசலிலும் பிள்ளைகள் மிட்டாய் பெற்று மகிழும் கதையைப் படித்துக்கொண்டிருந்த நமக்கு இந்நிகழ்ச்சி நினைவுக்கு வந்தபோது நூலை மூடிவைக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு சூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. பழைய அட்டைகள் கேட்ட ஒன்பதைவிட ஐந்து குறைவுதான். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று 200 பேர் கொண்ட குழுவாக இருக்கலாமே.

அப்படியானால் ஆபத்தை அறிந்தவன் வாய்மூடி இருக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம். கடற்கரையில் வாழ்பவன் அப்படிச் சொல்ல முடியாது. நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் செய்தியைப் பத்துப் பேருக்குச் சொல்லாதவன் குற்றவாளி. ஆனால் அந்தக் கூண்டுக்குப் பின்னால் பெயருள்ள அலுவலகம் ஒன்று இருக்கிறது. தவறினால் அதைக் கேள்வி கேட்கலாம். கடலுக்குப் போகாதே, படகை மேலே ஏற்றிக் கட்டு என்று அது செய்யத்தக்க ஒன்றைச் சொல்கிறது. சங்கிலிக் கடிதமோ செய்யச் சொல்வது ஒன்றே ஒன்று: அடுத்தவருக்கு அனுப்பு. பிள்ளை பிடிப்பவர் செய்தியிலும் அனுப்பியவரின் பெயர் இல்லை, எந்த ஊர், எந்த நாள் என்பதும் இல்லை. பெற்றவர் ஒருவரேனும் காவல் நிலையத்துக்கு நடந்து சென்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

மேரி ஆனின் தோழியர் செய்தது அதுதான். கலங்கினாலும் உட்கார்ந்து பேசி, குறிப்புகளை ஒப்பிட்டு, யாருக்கு இதனால் பயன் என்று கேட்டு, மிரட்டலுக்குப் பின்னால் ஒரு மனிதக் கையைக் கண்டுபிடித்தனர். இதில் நமக்கு முழு உடன்பாடு. ஆனால் அதன்பின் அவர்கள் செய்தது நமக்கு உவப்பாக இல்லை. முன்கூட்டியே கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து, பயமுறுத்த வந்தவர்களைத் தாங்கள் பயமுறுத்தி அலறவைக்கின்றனர். சிறுவர் இதைப் படித்துக் கைகொட்டிச் சிரிப்பர், சிரிக்கட்டும். ஆயினும் கடிதத்தை எறிந்து சங்கிலியை அறுத்தவள், தோழியரோடு சேர்ந்து அச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது, தான் அறியாமலே அச்சங்கிலியின் ஒரு கண்ணியாகிவிடுகிறாள். இதை நம் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னபோது, "பிறகு எப்படித்தான் அவர்களை விரட்டுவது?" என்று கேட்டாள். பகலிலேயே பள்ளி முற்றத்தில் அந்தக் கழுத்துச் சங்கிலியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்றோம். அப்படிச் செய்தால் கதை நன்றாக இருக்காது என்றாள் அவள். அதுவும் உண்மையே.

அந்தக் கண்ணாடி மணிக்குள் இருந்தது என்னவென்று நூலின் பிற்பகுதியில் தெரிய வருகிறது. அது ஒரு கடுகு விதை. நம்பிக்கையின் அடையாளமாக அணியப்படுவது. மிரட்டியவர்களுக்கும் அது தெரியாது, அணிந்து நடுங்கியவளுக்கும் தெரியாது. விவிலியம் அறிந்த வாசகருக்கு இதற்குமேல் நாம் விளக்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும் நூலில் சொல்லப்படவில்லை. மேரி ஆன் படியெடுத்து அனுப்பியிருந்தால் அக்கடிதங்கள் யார் யாருக்குப் போயிருக்கும்? அதே ஊரில் வேறு சில சிறுமியர் அந்த மாலையில் அஞ்சல் பெட்டியைத் திறந்து, ஒன்றுமில்லை என்று கண்டு, உள்ளே போய் இரவுணவு உண்டிருப்பார்கள். அவர்களுக்குக் கதையில் பெயரும் இல்லை.