திருவொற்றியூரும் வீட்டுச் சோறும்

வீட்டில் ஆக்கிய சோறு, வாசலில் வளர்ந்த கீரை, கூட உட்கார்ந்து உண்ண நாலு பேர். இந்த எளிய இன்பங்கள் ஆன்ம வாழ்வுக்குத் துணையா, தடையா என்பது தமிழ்ச் சமயச் சிந்தனையில் நெடுநாளாகத் தொடரும் வழக்கு. திருக்குறள் இல்லறத்தை முன்னும் துறவறத்தைப் பின்னும் வைத்தது. சித்தர்களில் பலரோ வீடு, வாசல், சுற்றம் எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளினார்கள். இந்த வழக்கில் இருபக்கமும் பேசியவர்கள் வடசென்னையின் ஒரே ஊரில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தியாகராசரும் வடிவுடையம்மனும் கோயில் கொண்ட திருவொற்றியூரில் சுந்தரர் மணம் முடித்தார், பட்டினத்தார் அடங்கினார், வள்ளலார் இளமைக்காலமெல்லாம் நடந்துவந்து வழிபட்டார்.

பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். செல்வத்தையும் மனையையும் விட்டு இரந்துண்ணப் புறப்பட்டவர். அவர் பிச்சையெடுப்பது குடும்பத்துக்கு இழிவென்று கருதிய தமக்கை நஞ்சு கலந்த ஆப்பம் கொடுத்தாள் என்றும், அவர் அதைக் கூரைமேல் எறிய வீடு பற்றியெரிந்தது என்றும் கதை சொல்கிறது. அன்பில்லாத அடுப்பிலிருந்து வந்தால் வீட்டுச் சோறும் நஞ்சாகும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே பட்டினத்தார், தாய் இறந்த செய்தி அறிந்து ஓடிவந்து பச்சை வாழைமட்டையில் சிதையடுக்கினார் என்பதும் கதையின் பகுதிதான். அப்போது அவர் பாடியதாக வழங்கும் பாடல்கள் தாய் சுமந்ததையும் ஊட்டி வளர்த்ததையும் நினைந்து, அந்த வாய்க்கு அரிசியிட நேர்ந்ததே என்று கதறுகின்றன. எல்லாவற்றையும் துறந்தவராலும் தாய் ஊட்டிய சோற்றைத் துறக்க முடியவில்லை. கையிலிருந்த கசப்பான பேய்க்கரும்பின் நுனி இனித்த இடம் திருவொற்றியூர் என்பதால் அங்கேயே தங்கினார் என்கிறது மரபு. கடலோரத்தில் அவர் சமாதிக் கோயில் இன்றும் இருக்கிறது.

சுந்தரர் கதை எதிர்த்திசையில் போகிறது. பெரியபுராணத்தின்படி, இறைவனுக்குப் பூத்தொடுத்துக் கொண்டிருந்த சங்கிலியாரைக் கண்டு விரும்பி, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து மணந்தார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வர, அங்கே செல்லப் புறப்பட்டு ஊரெல்லை தாண்டியதும் கண்ணிழந்தார். இங்கே இறைவன் மனைவியின் பக்கம் நிற்கிறான். கோயிலுக்குப் போவதற்காகவே என்றாலும், வீட்டுக்குக் கொடுத்த வாக்கை மீறியவன் குற்றவாளிதான். திருவொற்றியூர் மாசித் திருவிழாவின் மகிழடி சேவை ஆண்டுதோறும் நினைவூட்டுவது அந்த வாக்கைத்தான்.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு வழி கண்டவர் வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள். 1823-ல் மருதூரில் பிறந்து, தந்தையை இழந்து, சிறுவயதிலேயே சென்னைக்கு வந்தவர். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் அண்ணன் சபாபதியின் வீட்டில் வளர்ந்தார். படிக்காமல் கோயில் கோயிலாகச் சுற்றுகிறானென்று அண்ணன் வீட்டுக்குள் விடாதிருந்த நாட்களில், அண்ணியார்தான் மறைவில் சோறிட்டார். தந்தையின் திதியன்று ஊரார் எல்லாம் உண்டுபோக, இந்தப் பிள்ளை மட்டும் கொல்லைப்புறம் வந்து உண்கிறதே என்று அவர் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீருக்காகவே இராமலிங்கர் வீட்டில் இருந்து படிக்க இசைந்தார் என்று வரலாறு கூறுவோர் எழுதுகிறார்கள். இன்னொரு நிகழ்ச்சியும் பரவலாகச் சொல்லப்படுவது. ஒருநாள் திருவொற்றியூரிலிருந்து திரும்ப நள்ளிரவு ஆனது. கதவு தாழிட்டிருக்க, பசியோடு திண்ணையில் படுத்தார். அண்ணியார் எழுப்பிச் சோறிட்டார். சற்று நேரத்தில் உண்மை அண்ணியார் கதவைத் திறந்து உண்ண அழைத்தபோதுதான், முதலில் வந்தவள் வடிவுடையம்மன் என்று தெரிந்தது. அவளைத்தான் அவர் வடிவுடை மாணிக்க மாலையில் பாடியிருக்கிறார்.

தெய்வம் காட்சி தரும்போது ஒளியாகவோ குரலாகவோ வரவில்லை, பழகிய கையால் பரிமாறிய சாதமாக வந்தது என்பதில் ஒரு முழுத் தத்துவம் அடங்கியிருக்கிறது. பின்னாளில் வள்ளலார் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் அதை விரித்துரைக்கிறது. பசி நீங்கியவர் முகத்தில் தோன்றும் தெளிவையும், ஊட்டியவர் உள்ளத்தில் தோன்றும் மகிழ்வையும் அவர் கடவுள் விளக்கமாகவே காண்கிறார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டியதும் இந்தக் கருத்தின் செயல்வடிவம்தான். அன்றாட ஒழுக்கம் பற்றி எழுதுகையில் அவர் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை போன்றவற்றைப் பரிந்துரைக்கிறார். வேலியோரத்திலும் ஈர மண்ணிலும் தானாக முளைப்பவை இவை. காசு கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

கிரேக்கத்தில் எபிக்யூரஸ், கி.மு. 300-ஐ ஒட்டி, ஏதென்ஸ் நகருக்கு வெளியே ஒரு தோட்டம் வாங்கி நண்பர்களோடு வாழ்ந்தபோது எளிய உணவைப் பற்றி ஏறத்தாழ இதையே சொன்னார். ரொட்டியும் தண்ணீரும் போதுமென்பவனுக்கு அச்சம் குறையும், அச்சம் குறைந்தால் இன்பம் நிலைக்கும் என்பது அவர் கணக்கு. வேறுபாடும் பெரிது. எபிக்யூரஸின் இன்பம் தோட்டத்து மதிலுக்குள் நண்பர்களோடு நிறைவடைகிறது. வள்ளலாருடையதோ வாசலில் பசித்தவர் ஒருவர் நிற்கும்வரை நிறைவடையாது.

மீண்டும் திருவொற்றியூர்ப் பக்கம் வந்தால், வடசென்னையின் மீனவக் குப்பங்களில் வீட்டு உணவென்றால் கீரை மட்டுமல்ல. முருங்கை வாசலில் நிற்கும், பிரண்டை சுவரில் படரும், சிமெண்டுத் தொட்டியிலோ ஓட்டைக் குடத்திலோ கற்பூரவல்லி இருக்கும். ஆனால் திருவொற்றியூரை அடுத்த எண்ணூர்க் கழிமுகத்து மடவையும் கிழங்கானும் பச்சை நண்டும், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவிப் பிடித்த இறாலும்தான் அங்கே வீட்டு விளைச்சல். புலாலை மறுத்த வள்ளலார் இதை ஏற்கமாட்டார். அதே சைவ மரபுதான், கிடைத்த மீன்களில் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்ட நாகை மீனவர் அதிபத்தரை அறுபத்துமூவரில் வைத்துப் போற்றுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிச் சமாதானம் சொல்லத் தேவையில்லை. மரபு இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. தன் உழைப்பால் வந்ததில் ஒரு பங்கைத் தனக்கென்று வைக்காமல் கொடுப்பது இரண்டிலும் பொது.

போதுமென்ற மனத்தைப் புகழும் எந்தத் தத்துவமும் எண்ணூரில் ஒரு கடினமான கேள்வியைச் சந்திக்கிறது. 1970-ல் இயங்கத் தொடங்கி 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையம், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகங்கள் எல்லாம் ஒரே கழிமுகத்தைச் சுற்றி நெருக்கமாக அமைந்தன. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் புகுந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாக அப்பியது. இந்த நிலையில் எளிமையாக வாழுங்கள், இருப்பதைக் கொண்டு மகிழுங்கள் என்று அங்குள்ள குடும்பத்துக்கு உபதேசிப்பது அநீதி. எளிமை என்பது வேண்டுமென்று ஒருவர் தேர்ந்துகொள்வது. பறித்துக்கொள்ளப்பட்டவனின் வெறுமைக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. பட்டினத்தார் விட்டது தன் செல்வத்தை. ஆற்றை இழந்த மீனவர் எதையும் துறக்கவில்லை.

2013-14 வாக்கில் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டம் தொடங்கி, தென்னை நார்க்கழிவு நிரப்பும் பைகளும் விதைகளும் மானிய விலையில் கொடுத்தது. மண்ணைத் தொடாமலே கீரையும் தக்காளியும் வளர்க்கலாம் என்பது உப்புநீர்ப் பகுதிகளுக்கு ஓரளவு உதவி. ஆனால் பையில் கீரை வளரும், இறால் வளராது. ஆற்றிலிருந்து சாம்பலை அகற்ற வேண்டும், நீரோட்டத்தை மீட்க வேண்டும் என்று எண்ணூர்க் குப்பத்து மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். வீட்டு அடுப்பையும் வாசலில் நிற்பவரின் பசியையும் சமயத்தின் நடுவில் வைத்த வள்ளலாரின் வழியில் பார்த்தால், அந்தக் கோரிக்கையும் இல்லறக் கடமைகளில் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும்.