உடம்பெனுந் திருக்கோயில்

1748 ஆம் ஆண்டிற் புதுவை வேதபுரீசர் திருக்கோயில் பிரெஞ்சு ஆட்சியாரால் இடிக்கப்பட்ட செய்தி ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் நாட்குறிப்பால் அறியக்கிடக்கின்றது. அதனைப் படிக்குந்தோறும் நம் உள்ளம் நைகின்றது. உடம்பும் இறைவன் உறையுங் கோயிலே எனத் திருமூலநாயனார் திருமந்திரத்தில் அருளியிருக்க, அக்கோயிலை மிகையுணவால் நாமே சிதைத்தல் தகுமோ? 2019-21 இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, புதுவை மகளிருள் நூற்றுக்கு 40 பேர்க்கு மேல் மிகுபருமன் உடையாரெனக் காட்டிற்று.

'உடம்பு மாயாகாரியம், அதனைப் பேணுதல் வீண்' என்பாரும் உளர். மாயாகாரியமேயெனினும், ஆணவவிருளிற் கிடந்த உயிர்க்கு அறிவு விளங்கும்பொருட்டு முதல்வன் அளித்த விளக்கு அஃதென்பது சித்தாந்தம். விடியுமளவும் வேண்டப்படும் அவ்விளக்கில் எண்ணெய் மிகினுந் திரி அமிழ்ந்து அவியுமன்றோ?

அழகு கருதியும் நோய்க்கு அஞ்சியும் மேற்கொண்ட உறுதி சின்னாளில் தளரும். இளைப்பின்றித் திருச்சுற்றை வலம்வரவும், நிலமுறத் தாழ்ந்து வணங்கவும் வேண்டுமென்னும் அன்பு தளராது. ஆகலின், ஒரு கவளங் குறைத்தலையுஞ் சிவத்தொண்டாகக் கொள்ளுமின் என்பதே யாம் கூறுவது. 'யான் வென்றேன்' எனின் அஃது ஆணவமாம். தவறியவழி 'யான் கெட்டேன்' எனச் சோர்தலும் அதுவே. மறுநாட்காலை திருநீறணிந்து மீளத் தொடங்குமின்.

இடிந்த கோயிலை அன்பர் வேறிடத்தே மீள எடுப்பித்தனர். நமக்கோ இப்பிறப்பில் வேறுடம்பு இல்லை. திருவருள் துணைநிற்கும்.