யாரும் கூப்பிடாத நேரம்

பெண் பிள்ளையைப் பெங்களூரில் விடுதியில் விட்டுப் படிக்க வைக்கப் போவதாகச் சொன்னால், எங்கள் ஊர்ப் பக்கம் இன்றைக்கும் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். “பொம்பளப் புள்ளைய எப்படித்தான் விட்டுட்டு இருக்கீங்களோ” என்பது ஒன்று. “அங்க போனாத்தான் ஒழுக்கம் வரும், இங்கிலீஷ் வரும்” என்பது இன்னொன்று. கிருஷ்ணகிரியிலிருந்து போய், பெங்களூரில் ஒரு கான்வென்ட் விடுதியில் தங்கிப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். எனக்கு அந்த விடுதி கொடுத்தது இந்த இரண்டு பேச்சிலும் வராத ஒன்று.

பெங்களூர் தண்டுப் பகுதியில் ஆங்கிலேயர் படை வந்து தங்கியது 1809-இல். அதைச் சுற்றித்தான் பழைய பள்ளிகள் எழுந்தன. நல்லாயன் சபைக் கன்னியர் 1854-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1865-இல் பிஷப் காட்டன், 1880-இல் பால்ட்வின் என்று வரிசையாக வந்தன. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குழந்தைகளை மனதில் வைத்துத் தொடங்கப்பட்டவை; பிறகு எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். குடகின் காப்பித் தோட்டங்களிலிருந்தும், கோலார் தங்கவயலிலிருந்தும், சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் இரும்புப் பெட்டியோடு சிறுமிகள் வந்து இறங்கினார்கள். மணியடித்து எழுப்புவது, நான்கு ‘ஹவுஸ்’ பிரித்து விளையாட்டுப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம், ஒன்பதரைக்கு விளக்கணைப்பு ஆகிய வழக்கங்களெல்லாம் சீமையிலிருந்து வந்தவை. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும், ஊரிலிருந்து வந்த முறுக்கை டார்மிட்டரி முழுக்கப் பங்கு வைப்பதும் நாங்கள் சேர்த்துக்கொண்டவை.

நான் விடுதியில் சேரும்போது துணி ஒவ்வொன்றிலும் சலவை எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பாவாடையின் நாடா ஓரம், சட்டைக் காலரின் உள்பக்கம், சாக்ஸின் விளிம்பு, கைக்குட்டையின் மூலை என்று அம்மா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்தாள். என் பேரில், எனக்கென்று மட்டும், வேறு யாரும் எடுத்துக்கொள்ள முடியாத பொருள்கள் அதற்குமுன் எனக்கு இருந்ததில்லை.

பொருளைவிடப் பெரிதாக ஒன்று சாயங்காலம் கிடைத்தது. ஏழு மணிக்கு மணி அடித்தால் ஸ்டடி. நீண்ட கூடம், வரிசையாக மேசைகள், முன்னால் கையில் ஜெபமாலையோடு ஒரு சிஸ்டர். ஒன்பது மணி வரை பக்கம் புரட்டும் சத்தம் மட்டும்தான். முதல் சில வாரங்கள் என் காது எதற்கோ காத்துக்கொண்டே இருந்தது. “தண்ணி கொண்டா”, “தம்பிக்குச் சோத்தப் போடு”, “அடுப்புல பால் வெச்சிருக்கேன், பாத்துக்கோ” என்று வீட்டில் ஒரு பாடம் முடிவதற்குள் நாலு முறை எழுந்துவிடுவேன். தம்பி முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பான். நான் சமையலறை வாசற்படியில் புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பேன். அதில் யாருக்கும் தவறு தெரிந்ததில்லை, எனக்கும்தான். அந்தக் கூடத்தில் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு கணக்கை ஆரம்பித்த இடத்திலிருந்து முடிகிற இடம் வரை ஒரே மூச்சில் போட முடிந்தது. எழுத வேண்டியதை எழுதிவிட்டு, நூலகப் புத்தகம் படித்தேன். சில நாள் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் யாரும் தடுக்கவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்கு 299 நிமிடம் கொடுக்கிறார்கள் என்கிறது. ஆண்களுக்கு 97 நிமிடம். ஆறு வயதுக் குழந்தையிலிருந்தே சேர்த்த கணக்கு இது. வீட்டுவேலைக்குப் பழகும் வயதிலேயே பெண்ணின் நேரம் வீட்டுக்குப் பொதுவாகிவிடுகிறது.

அந்த நேரத்தைப் பெண்ணுக்கே திருப்பிக் கொடுத்த விடுதிகள் முன்பும் இருந்தன. யாழ்ப்பாணத்து உடுவிலில் மிஷனரி ஹாரியட் வின்ஸ்லோ 1824-இல் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது அவருக்கு மத நோக்கம் இருந்தது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி ஐஸ் ஹவுஸில் பால்ய விதவைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தபோது அவருக்கு வேறு நோக்கம். சுப்புலட்சுமியே சிறுவயதில் கணவனை இழந்தவர். உறவினர் வீட்டு அடுக்களையில் காலம் தள்ளியிருக்க வேண்டிய பெண்கள் கடலைப் பார்த்த கட்டடத்தில் உட்கார்ந்து படித்தார்கள். நோக்கங்கள் எப்படியிருந்தாலும், இரண்டு இடத்திலும் பெண் பிள்ளையைச் சுற்றி ஒரு சுவர் எழுந்தது, அதற்குள் அவள் நேரம் அவளுடையதாயிற்று.

அந்த நேரத்துக்கு நான் கொடுத்த விலையையும் சொல்லத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை உறை ஒட்டாமல் வார்டனிடம் தர வேண்டும். ஆகவே எல்லாக் கடிதங்களிலும் நான் நலமாகவே இருந்தேன். காய்ச்சலையும் பயத்தையும் எழுதாமல் விட்டுப் பழகி, இன்றுவரை கஷ்டம் தீர்ந்த பிறகுதான் யாரிடமும் சொல்கிறேன். நான் வயதுக்கு வந்ததும் அங்கேதான். பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி வெந்நீர் பிடித்துக் கொடுத்து, தன் பெட்டியிலிருந்து துணி எடுத்துக் கொடுத்து, இரவு முழுக்க என் கட்டிலிலேயே இருந்தாள். அவளுக்கு அவளுடைய சீனியர் செய்தது அது. நான் பின்னால் இன்னொருத்திக்குச் செய்தேன். அந்த விடுதியின் வழக்கங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆனால் பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற குறை அம்மாவுக்குக் கடைசிவரை தீரவில்லை. அந்தக் குறை நியாயமானது.

அதனால் எல்லாரும் பெண்ணை விடுதிக்கு அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் இருந்தால் படிப்பு நின்று கல்யாணம் நடந்துவிடும் என்ற நிலையில் இருக்கும் சிறுமிக்கு விடுதி கட்டாயம் வேண்டும். 2004-இல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலய உறைவிடப் பள்ளிகள் அப்படிப்பட்டவர்களுக்கானவை. அங்கே நல்ல கழிப்பறையும், பயமில்லாமல் பேசக்கூடிய வார்டனும், ஒட்டிய உறையில் போகும் கடிதமும் இருக்க வேண்டும் என்று கேட்பது நம் எல்லார் கடமை.

மற்ற வீடுகளில் பெண் அம்மாவோடேயே இருக்கட்டும். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை மட்டும் அவளைக் கூப்பிடாதீர்கள். தண்ணீர் வேண்டுமென்றால் தம்பி கொண்டு வரட்டும்.