விட்டுக்கொடுக்கவும் பகடை வேண்டும்

1971 ஜூன் மாதம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ‘அலோஹாநெட்’ இயங்கத் தொடங்கியது. வெவ்வேறு தீவுகளில் இருந்தவர்கள் ஒவாஹு தீவின் கணினியோடு வானொலி வழியே பேச வேண்டும். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. முறை சொல்ல ஆளில்லை. நார்மன் ஆப்ரம்சன் குழு வகுத்த விதி இது: வேண்டியபோது அனுப்பு, இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் சிதையும், பதில் வராது, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு. எவ்வளவு பொறுப்பது என்பதைத் தற்செயலிடம் விட்டுவிடு.

அந்தக் கடைசி வரியில்தான் தத்துவக்காரர்களுக்கு வேலை இருக்கிறது.

நீ நடக்கும் நெறி எல்லாருக்கும் பொதுவிதியாக வேண்டும் என்று உன்னால் விரும்ப முடியுமா என்று 1785-இல் கேட்டார் இம்மானுவேல் காண்ட். ‘மோதினால் ஒரு நொடி விலகி நில்’ என்பதை அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். பண்பான நெறிதான். ஆனால் இருவருமே அப்படி விலகினால், அதே கணத்தில் திரும்பி வந்து மறுபடி மோதுவார்கள். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் வழிவிடுவதாக எண்ணி ஒரே பக்கம் ஒதுங்குவதைப் போல. இங்கே தன்னலக்காரர் யாருமில்லை. இருவரும் ஒரே மாதிரி நல்லவர்களாக இருப்பதுதான் சிக்கல். ‘அவரவர் பகடை உருட்டி, விழுந்த எண்ணளவு பொறு’ என்றால் விதி ஒன்றாகவே இருக்கும். நடப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். காண்டின் சோதனையிலும் தேறிவிடும்.

பகடை எப்படி நீதியாகும்? தகுதிக்கும் தேவைக்கும் அதில் இடமேது? நியாயமான கேள்வி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விடையைத் தொட்டுக் காட்டுகிறது: ஊர்ச்சபைக்கு ஆளெடுக்கும்போது, நிலம், வயது, கல்வி எல்லாம் பார்த்துச் சலித்த பிறகுதான் குடத்தில் பெயரெழுதிய ஓலை விழுந்தது. காரணங்கள் தீர்ந்த இடத்தில் மட்டுமே சீட்டு. வைஃபையும் இந்த வழிக்குத்தான் வந்தது. 1997-இல் வந்த அதன் முதல் தரநிலை, முதலில் காதுகொடுத்துக் கேள், அலைவரிசை ஓய்ந்திருந்தால் மட்டும் பேசு என்றது. மோதலைத் தவிர்க்கப் பகடையையும் வைத்துக்கொண்டது. 2005-இல் சேர்ந்த திருத்தம், தாமதம் பொறுக்காத குரலுக்கும் காணொளிக்கும் சிறிய எண்கள் விழும் பகடையைக் கொடுத்தது. தேவைக்கு இடம் கிடைத்தது. சமமானவர்களுக்குள் மட்டும் தற்செயல் தீர்ப்பு.

விலையும் உண்டு. ஆப்ரம்சனின் முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18.4 விழுக்காடுதான் பயன்படும். பொதுக் கடிகாரம் வைத்து, குறித்த கணங்களில் மட்டும் அனுப்பச் சொன்னால் அது இரட்டிப்பாகும். கொஞ்சம் சுதந்திரத்தைக் கொடுத்து வாங்கிய லாபம் அது.

ஆனால் பகடையைக் கள்ளமாக உருட்டி எப்போதும் சிறிய எண்ணையே எடுக்கும் கருவி ஒன்று நுழைந்தால், மற்றவர்களின் பங்கையும் அதுவே வாரிக்கொள்ளும். ஒழுங்காக உருட்டுபவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள். காண்ட் கேட்ட கேள்விக்கு அந்தக் கருவியிடம் பதில் கிடையாது.