விலையில்லா ஓட்டு

2016 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடிசனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தபால் வாக்குச்சீட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் நான் போடப்போகும் முதல் ஓட்டு. ஆறு மாதம் தங்கிப்போக உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா, எதிரில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யாருக்குய்யா போடப்போற?"

கேரி ஜான்சன் என்றேன். டிவியில் பார்த்த இரண்டு முகங்களில் எது என்று கேட்டாள். இரண்டும் இல்லை, மூன்றாவது ஆள் என்று சொல்லி விளக்கினேன். அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும் என்கிறவர். வருமான வரியே வேண்டாம் என்பார். ஊர் ஊராகப் போய்ச் சண்டை போடக் கூடாது என்பார். யார் எதைப் புகைக்கிறார்கள், யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று எட்டிப்பார்க்க மாட்டார். வேலைக்கு வருகிறவர்களுக்கு விசாவைச் சுலபமாக்குவார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். விசா என்றதும் கை நின்றது. "அன்னைக்கு உன்னை வரவிடாத கவர்மெண்டைச் சின்னதாக்குவேன்னு சொல்றானா? அப்ப போடு" என்றாள். பிறகு காம்பை ஒடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏய்யா, அந்த ஆளு செயிச்சா ரேஷன் கடை இருக்குமா?"

அமெரிக்காவில் ரேஷன் கடை கிடையாது அம்மா என்று சிரித்துவிட்டேன். அந்தக் கேள்விக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்ற எனக்குச் சில வருடங்கள் பிடித்தன.

"அன்னைக்கு" என்று அம்மா சொன்னது 2009. அப்பா இறந்த செய்தி வந்தபோது என் எச்-1பி நீட்டிப்பு மனு நிலுவையில் இருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்த விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. போனால் புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். எத்தனை நாளாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியில் வாராவாரம் ஆட்குறைப்பு. வக்கீல் போகாதீர்கள் என்றார். நான் போகவில்லை. காரியத்தைத் தம்பி செய்தான். வேலை அடிப்படையிலான குடியேற்ற விசா வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசாங்கம் என்பது மனிதனின் வழியில் போட்ட கல் என்று நான் நம்பத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். புத்தகம் படித்து வந்த நம்பிக்கை அல்ல.

லிபர்டேரியன் என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. தாராளவாதி என்றால் லிபரல் ஆகிவிடுகிறது. சுதந்திரவாதி என்றால் தியாகி பென்ஷன் வாங்குகிறவர் போல ஒலிக்கிறது. அந்தக் கட்சி 1971இல் கொலராடோவில் தொடங்கப்பட்டது. 1972இல் அதன் முதல் வேட்பாளர் ஜான் ஹாஸ்பர்ஸ், ஒரு தத்துவப் பேராசிரியர், ஒரே ஒரு தேர்வாளர் வாக்கைப் பெற்றார்; அதுவும் கட்சி மாறிப் போட்ட ஒரு வர்ஜீனியாக்காரரின் வாக்கு. அதற்குப் பிறகு அதிலும் பூஜ்யம்தான். 2016இல் ஜான்சனுக்குக் கிடைத்த 44 லட்சத்துச் சொச்சம் ஓட்டு, 3.3 சதவீதம், அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே அதிகம். நியூ மெக்சிகோவில் இரண்டு முறை கவர்னராக இருந்து 700க்கும் மேற்பட்ட மசோதாக்களைத் திருப்பியனுப்பியவர் அவர். ஐம்பது மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தது. எதிரே நின்ற இருவரையும் நாட்டில் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்றார்கள்.

ஏன் தோற்றார் என்பதற்கு வழக்கமான பதில்கள் உண்டு. கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் இல்லாவிட்டால் விவாத மேடையில் இடமில்லை. பெரும்பாலான மாநிலங்களில் முதலில் வருகிறவருக்கே மொத்தத் தேர்வாளர்களும். 1992இல் டெக்சஸ்காரர் ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கியும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் டிவி நேர்காணலில் ஜான்சன் "அலெப்போ என்றால் என்ன" என்று திருப்பிக் கேட்டது வேறு. எல்லாம் சரி. ஆனால் கோடையில் 9 சதவீதத்தைத் தொட்டவர் நவம்பரில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினார். அவருடைய ஆட்சியில் வாழ்ந்து பார்த்த நியூ மெக்சிகோக்காரர்களே 9 சதவீதம் பேர்தான் போட்டார்கள். விதிமுறைகளை மட்டும் குறைசொல்லி இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

நம்மிடமும் ஒருவர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1959இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது அவருக்கு எண்பது வயது. நாகபுரியில் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டிருந்தது. லைசென்ஸ் பர்மிட் ராஜ் என்ற வசையை நாட்டுக்குத் தந்தவர் அவர். 1952இல் முதலமைச்சராக உணவுதானியக் கட்டுப்பாட்டை எடுத்தவரும் அவர்தான். கட்சி 1962இல் மக்களவையில் 18 இடம், 1967இல் 44 இடம் வென்றது. அந்த அவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சி. அமெரிக்க லிபர்டேரியன்கள் கனவிலும் காணாத வெற்றி. ஆனால் அந்த ஓட்டுகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவிக்கு விழுந்தவை மகாராணிக்கு விழுந்தவை. சந்தைப் பொருளாதாரத்துக்கு விழுந்தவை அல்ல. சென்னை மாநிலத்தில் 1967இல் சட்டசபைக்குக் கிடைத்த 20 இடங்கள் திமுக கூட்டணியில் கிடைத்தவை. அந்தத் தேர்தலில் தெருத்தெருவாக ஒலித்த வாக்குறுதி ரூபாய்க்குப் படி அரிசி. அரசாங்கம் கடை நடத்தக் கூடாது என்ற கட்சி, அரசாங்கம் அரிசி விற்கும் என்ற வாக்குறுதியின் தோளில் ஏறி உள்ளே போனது. 1971இல் கூட்டணி மாறியபோது நாடு முழுவதும் சேர்த்து 8 இடம். மறு வருடம் ராஜாஜி காலமானார்.

ராஜாஜிக்கும் ஒரு விதிவிலக்கு இருந்தது. கள். 1937இல் பிரதமராக இருந்தபோது சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்றைய ஜிஎஸ்டியின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தாதீர்கள் என்று முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப் போய்க் கேட்டார். எல்லாவற்றிலும் அரசாங்கம் விலகட்டும், இந்த ஒன்றில் மட்டும் இருக்கட்டும்.

அந்த ஒன்று எங்கள் குடும்பத்தின் மேல் விழுந்தது. என் தாத்தா பனையேறி. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பாளை ஒன்று, அரிவாள் ஒன்று, ஏறுகிற மார்பும் ஒன்றுதான். மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவிய பிறகு, மரத்தடியில் நின்று கலயத்தை இறக்கச் சொல்லி விரல்விட்டுப் பார்க்கிற போலீஸ்காரர்தான் தாத்தா அறிந்த அரசாங்கம். ஜான்சனைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தால் இரண்டு கையாலும் ஓட்டுப் போட்டிருப்பார்.

அம்மா அறிந்த அரசாங்கம் வேறு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த புதிய ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதிநேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். ஊர் அதைக் குலக்கல்வி என்றது. அது நிலைத்திருந்தால் அம்மா மீதி நேரத்தில் கருப்பட்டி காய்ச்சியிருப்பாள். பிறகு முழுநேரமும் காய்ச்சியிருப்பாள். எதிர்ப்பில் திட்டம் போயிற்று, 1954இல் ராஜாஜியும் பதவி விலகினார். காமராஜர் காலத்து மதிய உணவைச் சாப்பிட்டு அம்மா எஸ்எஸ்எல்சி முடித்தாள். எம்ஜிஆர் 1982இல் சத்துணவைத் தொடங்கியபோது அமைப்பாளர் வேலை கிடைத்தது. அப்பாவின் சைக்கிள் கடை படுத்த வருடங்களில் வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில், ரேஷன் அரிசியில்.

மரத்தடியில் நின்றதும் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதும் ஒரே அரசாங்கம். லிபர்டேரியன் வேட்பாளர் தாத்தாவிடம் பேசுகிறார், நன்றாகவே பேசுகிறார். அம்மாவிடம் பேச அவரிடம் வார்த்தை இல்லை. சாதியும் பசியும் கட்டிப்போட்டிருந்த இடத்திலிருந்து ஒரு பெண்ணை அவிழ்த்துவிட்டது சந்தையல்ல, ஒரு சோற்றுப்பானை. அதைச் சுதந்திரத்தின் கணக்கில் வரவு வைக்காமல் செலவில் மட்டும் எழுதுகிற கொள்கையை அவள் சந்தேகப்பட்டதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். பே ஏரியா நண்பர்கள் கூடும்போது, சொந்தக் காலில் வந்தோம் என்ற பேச்சு இரண்டாவது கிளாஸில் எப்படியும் வந்துவிடும். நானும் பேசியிருக்கிறேன். நான் படித்தது அரசு பொறியியல் கல்லூரி. வருடக் கட்டணம் அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தை எட்டாது. டெக்சஸில் முதுகலை ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில். உதவித்தொகை வந்தது பேராசிரியரின் மத்திய அரசு ஆய்வு நிதியிலிருந்து. 2007 டிசம்பரில் ரான் பால் ஆதரவாளர்கள் இணையம் வழியாக ஒரே நாளில் சுமார் 60 லட்சம் டாலர் திரட்டியபோது, நன்கொடை தரவும் உரிமையில்லாத விசாக்காரனாக நான் உட்கார்ந்து கைதட்டினேன். அதே ரான் பால், குடிமக்களல்லாதவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பால் வரும் குடியுரிமையை நிறுத்த அரசியல் சட்டத் திருத்தம் முன்மொழிந்தவர் என்று பிறகு படித்தேன். அன்று எங்கள் வீட்டில் ஒரே அமெரிக்கக் குடிமகள், தொட்டிலில் கிடந்த ஒரு வயது மகள். கைதட்டியது கொஞ்சம் உறுத்தியது. ராஜாஜிக்குக் கள், எனக்குத் தொட்டில்.

இருந்தும் 2016இல் ஜான்சனுக்குத்தான் போட்டேன். பெருமையாகவும் இருந்தது. அன்றிரவு கல்லூரி நண்பனுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் இருப்பது டெலவர் ஆற்றுக்கு அக்கரை, பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டி. என்னைவிடத் தீவிரமான லிபர்டேரியன் அவன். எனக்கு அந்தப் புத்தகங்களையெல்லாம் கொடுத்தவனே அவன்தான். ஹில்லரிக்குப் போடப்போவதாகச் சொன்னான். கொள்கை எங்கேடா போச்சு என்று கேட்டேன்.

"மாப்ள, உனக்கு அது விலையில்லா ஓட்டு. நம்ம ஊர் கவர்மெண்ட் மிக்சி மாதிரி. எனக்கு அப்படி இல்லை."

நியூ ஜெர்சியில் கிளின்டன் 14 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பென்சில்வேனியாவில் டிரம்ப் வென்றது சுமார் 44,000 ஓட்டில். அங்கே ஜான்சன் வாங்கியது 1,46,000க்கு மேல். அந்த ஓட்டெல்லாம் வேறு யாருக்கு விழுந்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். என்னை உறுத்தியது அது அல்ல. எல்லாவற்றுக்கும் விலை உண்டு, விலை கொடுக்காமல் வாங்குவது கெடுக்கும் என்பது எங்கள் கொள்கையின் முதல் பாடம். என் மனசாட்சியை நான் வெளிப்படுத்தியதோ விலை எதுவும் இல்லாத இடத்தில். என் ஓட்டின் செலவை அக்கம்பக்கத்தில் வேறு பல லட்சம் பேர் கட்டியிருந்தார்கள். ஜெயிக்காத நல்லவருக்குப் போடுவது தவறு என்று இதனால் ஆகிவிடாது. யாரும் போடாவிட்டால் அவர் என்றைக்கும் ஜெயிக்கவே போவதில்லை. ஆனால் அதைத் தியாகம் போலச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

2023இல் நம்மவர் ஒருவரே வந்தார். பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பிள்ளை விவேக் ராமசாமி. குடியரசுக் கட்சியில்தான் நின்றார், ஆனால் மத்திய அரசு ஊழியர்களில் 75 சதவீதம் பேரை நீக்குவேன், கல்வித்துறையை மூடுவேன் என்றார். நம்ம பையன் என்று மாமாக்கள் வாட்ஸாப்பில் நெகிழ்ந்தார்கள். எச்-1பி லாட்டரி முறையையே ஒழிப்பேன் என்று அவர் சொன்ன செய்தி வந்ததும் அதே குழுவில் இரண்டு நாள் மௌனம். அயோவாவில் 7.7 சதவீதத்தோடு நான்காவதாக வந்து அன்றிரவே விலகினார்.

2024 செப்டம்பரில் மகள் பிலடெல்பியாவில் கல்லூரி சேர்ந்தாள். பதினெட்டு முடிந்திருந்தது. வெளிமாநிலத்தில் படிக்கிறவர்கள் பெற்றோர் வீட்டு முகவரியிலோ கல்லூரி முகவரியிலோ, ஏதாவது ஒன்றில் பதிந்துகொள்ளலாம். லிபர்டேரியன் கட்சியின் சேஸ் ஆலிவரை அவளுக்குப் பிடித்திருந்தது. போர்களைப் பற்றி அவர் ஒருவர்தான் நேராகப் பேசுகிறார் என்றாள். இரவு பத்து மணிக்கு அழைத்து, "அப்பா, எந்த ஸ்டேட்ல ரிஜிஸ்டர் பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

எடிசன் என்றால் பிடித்தவருக்கு நிம்மதியாகப் போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னேன். அந்த வருடம் நியூ ஜெர்சியின் வித்தியாசம் 6 புள்ளிக்கு இறங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப அது ஓட்டா அப்பா, லைக்கா?" என்றாள். பாட்டியிடம் கேட்டுப் பார் என்றேன். ஏற்கெனவே கேட்டுவிட்டாளாம். பாட்டி ரேஷன் கடை பற்றி ஏதோ சொன்னது புரியவில்லையாம். அதை விளக்கி முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது, பனைமரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால். மறுநாள் அவள் பிலடெல்பியா முகவரியில் பதிந்துகொண்டாள்.