முகம் கொடுத்தல்

என் மாதவிடாய்ச் சுழற்சி ஏறக்குறைய 30 நாள். அதில் கடைசி ஏழு நாட்கள் தாடையில் பரு வரும். கன்னத்திலோ நெற்றியிலோ அல்ல. தாடையெலும்பின் ஓரமாக, தொட்டால் வலிக்கிற, முனை தெரியாத கட்டிகள். பீரியட்ஸ் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடங்கும். போகும்போது ஒரு கருந்திட்டை விட்டுவிட்டுப் போகும். எனக்கு 28 வயது. 'வயசுக் கோளாறு, தானா போயிடும்' என்று சொல்லக்கூடிய காலமெல்லாம் முடிந்துவிட்டது.

இதற்காக நான் தினமும் இரண்டு வேளை சில வேலைகள் செய்கிறேன். அதைப் பற்றி எனக்கு நெருக்கமான இருவருக்கு இரண்டு கருத்து. சித்தி சொல்வார்: "நல்ல டாக்டரா பாத்து சீக்கிரம் சரி பண்ணுடி. தை பொறந்தா பொண்ணு பாக்க வருவாங்க." கூடப் படித்த தோழி சொல்வாள்: "எதுக்குடி இவ்ளோ மெனக்கெடுற? நம்ம முகத்த நாமளே வெறுத்தாத்தான் அவனுங்களுக்கு க்ரீம் விக்கும். விட்டுத் தள்ளு."

பருவுக்கு மருந்து போடுவது என்னை நான் பேணிக்கொள்வதா, அடுத்தவர் பார்வைக்குக் கீழ்ப்படிவதா? சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, வாஷ்பேசின் முன்னால் நிற்கும்போதெல்லாம் வந்து நிற்கிற கேள்வியைச் சின்னது என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

நம் வீடுகளில் பரு என்பது ஒரு நடத்தைச் சான்றிதழ். "முகத்த ஒழுங்கா கழுவுறதில்ல." "எண்ணெய்ப் பலகாரம் ஜாஸ்தி." "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன், உடம்பு சூடாகாம என்ன செய்யும்?" கொஞ்சம் குறும்பான அத்தையாக இருந்தால், "யாரு மேலடி ஆசை?" எல்லாவற்றுக்கும் கடைசியில், "கல்யாணம் ஆனா சரியாயிடும்." இந்த வாக்கியங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம்தான் இருக்கிறது: அந்தப் பெண் ஏதோ செய்திருக்கிறாள், அல்லது செய்யவேண்டிய எதையோ செய்யவில்லை.

உடம்பு சொல்லும் கதை வேறு. சுழற்சியின் முதல் பாதியில் ஈஸ்ட்ரஜன் ஏறுகிறது. கருமுட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரோன் ஏறுகிறது. கரு தங்கவில்லை என்றால் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இரண்டும் சரிகின்றன. ஆண்களுக்கு மட்டுமே உரியவை என்று நாம் நினைக்கும் ஆண்ட்ரஜன்கள் பெண் உடலிலும் உண்டு. அவை இந்த அளவுக்கு இறங்குவதில்லை. எனவே அந்த வாரத்தில் அவற்றின் கை ஓங்குகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரஜனுக்குச் செவிசாய்ப்பவை. எண்ணெய் கூடுகிறது, துளை அடைபடுகிறது, உள்ளே வீக்கம் எடுக்கிறது. இப்படிப் பரு வரும் பெண்களில் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவுகள் இயல்பாகவே இருக்கும். சுரப்பிதான் கூர்மையாக எதிர்வினை செய்கிறது. இதில் யாருடைய ஒழுக்கமும் இல்லை.

ஆனால் குற்றவுணர்வு அவ்வளவு எளிதில் வீட்டை விட்டுப் போவதில்லை, உடைமாற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. இப்போது அதன் பெயர் சுழற்சிக்கேற்ற சருமப் பராமரிப்பு. மாதத்தை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரம், ஒரு மாஸ்க், நினைவூட்ட ஓர் ஆப். முன்பு 'முகம் கழுவல' என்றவர்கள் இருந்த இடத்தில் இப்போது 'நீ உன் ஹார்மோன பேலன்ஸ் பண்ணல' என்பவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இன்று கண்ணாடியில் தெரிகிற பரு இன்று பிறந்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு அடைப்பாக, பல வாரங்களுக்கு முன்பே அது தொடங்கிவிட்டது. கண்ணாடி காட்டுவது பழைய செய்தி. அதைப் பார்த்துவிட்டு நாளுக்கொரு புட்டியை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. எனக்குத் தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்தது மிக எளிமையானது: மென்மையான ஃபேஸ்வாஷ், லேசான மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன், இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணியளவு அடாபலீன் ஜெல். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தாடையில் மட்டும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. பத்து சதவீதம் போட்டால் எரிச்சல் கூடுமே தவிர பலன் அந்த அளவுக்குக் கூடாது. தலையணை உறையில் வெளுத்த திட்டுகள் விழும், அவ்வளவுதான். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். கர்ப்பமாகத் திட்டமிட்டால் அடாபலீனை நிறுத்தவேண்டும். சுழற்சி 35 நாளைத் தாண்டிப் போனால், முகத்தில் முடி வளர்ந்தால், அது பிசிஓஎஸ்-ஆ என்று பார்க்கவேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு சீட்டுக்குள் அடங்கிவிட்டது.

தோழியின் வாதத்தோடு நான் முரண்படுவது இங்கேதான். 'விட்டுத் தள்ளு' என்பதில் பரு என்பது வெறும் தோற்றம் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாத இரவை அது கணக்கில் எடுக்கவில்லை. ஆழமான கட்டி தழும்பாகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருந்திட்டு பல மாதம் நிற்கும். பல்வலிக்கு மருந்து தேடுகிறவளை யாரும் சந்தைக்கு அடிமை என்று சொல்வதில்லை. வலிப்பது முகம் என்பதாலேயே அந்த வலி ஒப்பனைக் கணக்கில் சேர்ந்துவிடுமா?

சித்தியின் வாதம் வேறுவிதமாக இடிக்கிறது. அவர் அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் யாருக்காகச் சரிபண்ணச் சொல்கிறார்? தையில் வரப்போகிற, இன்னும் பெயர்கூடத் தெரியாத யாரோ சிலருக்காக. அவசரம் அவர்களுடையது, முகம் என்னுடையது. இந்த அவசரத்தில்தான் பல பெண்கள் கடையில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு க்ரீம் பூசுகிறார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிட அதிகமாகப் பரு கிளம்பும். பெண் பார்க்க வந்தவர்கள் அதற்குள் காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

என் இரவு மருந்துக்கும் ஒரு குடும்ப வரலாறு இருக்கிறது. அடாபலீன் ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. அந்த வகையில் அதற்கு மூத்தது ட்ரெட்டினாயின்; அமெரிக்காவில் 1971-இல் பருவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அதன் பின்னாலிருந்த பெரிய பெயர் ஆல்பர்ட் க்ளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர். 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில், பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகளின் உடலில் அவர் சோதனைகள் நடத்தினார். ட்ரெட்டினாயினும் அங்கே சோதிக்கப்பட்டது. டயாக்சின் என்ற நஞ்சும் சோதிக்கப்பட்டது. முதன்முதலில் அந்தச் சிறைக்குள் நுழைந்தபோது தன் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஏக்கர் கணக்கில் தோல்தான் என்று, வளமான நிலத்தைக் கண்ட விவசாயியின் மகிழ்ச்சியோடு அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது 2021-இல். நகர நிர்வாகம் 2022-இல்.

அந்தக் கொடுமையையும் ஒரு சித்தியின் பேச்சையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அப்படி வைப்பது அந்த மனிதர்களை இன்னொரு முறை அவமதிப்பது. ஆனால் க்ளிக்மன் தன்னையறியாமல் ஒரு பார்வைக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆளைக் கழித்துவிட்டுத் தோலை மட்டும் பார்க்கிற பார்வை. அது சிறையில் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தபின், கல்யாண மண்டபத்தில் "என்னடி முகமெல்லாம் இப்படி?" என்ற விசாரிப்பில் அதன் சிறு துணுக்கைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஃபோனின் முன்கேமராவைப் பெரிதாக்கி என் தாடையை நானே ஆராயும்போதும் அந்தப் பார்வைதான். ஃபோனைப் பிடித்திருக்கும் கை என்னுடையது என்பதால் அது வேறாகிவிடுவதில்லை.

இம்மானுவேல் லெவினாஸ் என்ற தத்துவவாதிக்கு 'முகம்' என்பது அறத்தின் தொடக்கப் புள்ளி. ஒருவரைச் சந்திக்கச் சிறந்த வழி, அவர் கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் இருப்பதுதான் என்பார். மூக்கு, நெற்றி, மோவாய் என்று எண்ணத் தொடங்கும்போது எதிரில் இருப்பது ஒரு பொருளாகிவிடுகிறது. தமிழில் இதற்குத் தத்துவமே தேவைப்படவில்லை. நாம் 'முகம் கொடுத்துப் பேசுவது' என்கிறோம். முகம் நம் மொழியில் பார்த்து எடைபோடும் சரக்கல்ல, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பது. கொடுக்க முடியாமல் போனவர்களும் உண்டு: பரு வந்த வாரத்தில் விடுப்பு எடுப்பவர்கள், வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைப்பவர்கள், தாவணியால் தாடையை மறைத்தபடி பேசுபவர்கள்.

ஆகவே கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மருந்து போடலாமா கூடாதா என்பதல்ல. இது கவனிப்பா, கண்காணிப்பா? கவனிப்புக்கு ஒரு முடிவு உண்டு: பூசினேன், கை கழுவினேன், தூங்கப்போனேன். கண்காணிப்புக்கு முடிவே கிடையாது. கவனிப்பு, மாதம் சுழலும் என்பதை ஒப்புக்கொண்டு அந்த ஏழு நாளை வலியில்லாமல் கடக்க உதவும். கண்காணிப்புக்கு முப்பது நாளும் ஒரே முகம் வேண்டும். அதை எந்த உயிருள்ள உடம்பாலும் தர முடியாது. ஒரே மருந்தை ஒரே விரலால் இந்த இரண்டு விதமாகவும் பூசலாம் என்பதுதான் கஷ்டம். வெளியிலிருந்து பார்க்கிற யாராலும், சித்தியாலும் தோழியாலும்கூட, வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பூசுகிறவளுக்கு மட்டும் தெரியும்.

போன மாதம் சித்தி மகள் வந்திருந்தாள். 14 வயது. நெற்றி நிறையப் பரு. முடியை முன்னால் இழுத்து விட்டிருந்தாள். அவள் உட்கார்வதற்குள் ஜாதிக்காயை உரசிப் போடு, வேப்பிலையை அரைத்துப் போடு என்று வீட்டில் மூன்று பேர் சொல்லி முடித்திருந்தார்கள். நான் அவளிடம் கபடி டீமைப் பற்றிக் கேட்டேன். ரைடு போகிறாளாம். எதிர் டீமின் உயரமான பெண்ணை எப்படி ஏமாற்றித் தொட்டாள் என்று எழுந்து நின்று செய்து காட்டினாள். முடி நெற்றியிலிருந்து விலகிப் போனதை அவள் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது அவளே கேட்டாள். "அக்கா, நீ மூஞ்சிக்கு என்ன போடுற?"

அப்போது சொன்னேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம்.