காத்திருப்புக்கு ஒரு கணக்கு

தமிழில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ‘சாமி மேல நம்பிக்கை’ என்கிறோம். ‘மழை வரும்னு நம்பிக்கை’ என்கிறோம். ‘அவரை நம்பிக் கடன் கொடுக்கலாம்’ என்கிறோம். எல்லாத்துக்கும் ஒரே சொல். முதலாவது பக்தி, இரண்டாவது ஆசை, மூன்றாவது என்னவென்று கொடுத்தவர்களுக்குத் தெரியும்!

கிறிஸ்தவர்கள் இந்தச் சிக்கலை ஒரு சொல்லால் தீர்க்கப் பார்த்தார்கள். பழைய தமிழ் பைபிளில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று வரும். 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் விசுவாசம் ‘நம்பிக்கை’ ஆகிவிட்டது. நம்பிக்கை, ‘எதிர்நோக்கு’ ஆகிவிட்டது. 2025ஐ ரோம் யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் மையச் சொல்லும் இதுதான். முதலில் கேட்டபோது அரசாங்கச் சுற்றறிக்கைத் தமிழ் மாதிரி இருந்தது எனக்கு. கம்பம் பள்ளத்தாக்கை வைத்து யோசித்தபோதுதான் அதில் விஷயம் இருக்கிறது என்று பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட நாட்களைத் திருவருகைக் காலம் என்கிறார்கள். வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி. பூசைக்கு ஊதா உடுப்பு. கொண்டாட்டத்துக்கு முன்னால் ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்கிற காலம். (இப்போதெல்லாம் நவம்பரிலேயே கடைகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்துவிடுகிறது. பொறுக்கிறவர் யார்?) அந்த நாட்களில் வாசிக்கப்படும் எசாயா தீர்க்கதரிசியின் பகுதி ஒன்றில், வெட்டுப்பட்ட மரத்தின் அடியிலிருந்து துளிர் கிளம்பும் என்று வருகிறது.

உத்தமபாளையம் பக்கம் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன. ராயப்பர் என்றால் நம்ம பழைய தமிழில் பேதுரு. அனுமந்தன் யாரென்று உங்களுக்கே தெரியும்! அங்கெல்லாம் எசாயாவுக்கு விளக்கவுரை தேவையில்லை. சுற்றிலும் திராட்சைப் பந்தல். 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை. கவாத்து செய்த கொடியைப் பார்த்திருக்கிறீர்களா? செத்த கட்டை மாதிரி இருக்கும். துளிர்க்கும் என்று தெரிந்துதான் வெட்டுகிறார்கள். ஆனால் துளிர்த்து, பூத்து, காய் பிடித்த பிறகு ஒரு மழை வந்தால்? பழம் வெடிக்கும், நோய் விழும். அடைமழை போட்டுத் தாக்குகிற நாட்களும் திருவருகைக் காலமும் சேர்ந்தே வரும்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப்பதிவியலில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று: வரப்போகிற லாபத்தை ஏட்டில் ஏற்றாதே, வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கு. யோசித்துப் பாருங்கள். நம்பிக்கைக்கு நேர் எதிரான விதி இது. ஆனால் தப்பான விதி இல்லை. இதை மதிக்காமல் வட்டிக்கு வாங்கித் தோட்டம் போட்டு அழிந்தவர்கள் எத்தனை பேர்! ‘நல்லதே நடக்கும்’ என்று அவர்களுக்கு யாராவது முதுகில் தட்டிச் சொல்லியிருப்பார்கள். அந்த ரக நம்பிக்கை எனக்குப் பிடிப்பதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கே இந்த விதியோடு மல்லுக்கட்டிய கதைதான். மேற்கே போய் அரபிக்கடலில் விழுகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று பார்க்க, 1789ல் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை மலைக்கு ஆள் அனுப்பினார். முடியும் என்றார்கள். செலவைப் பார்த்தார், விட்டுவிட்டார். 1808ல் கால்டுவெல் என்ற கேப்டன் வந்து பார்த்து, ஆகாத வேலை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். 1850ல் ஒரு முயற்சி தொடங்கி, நோய்க்குப் பயந்து நின்றது. பிறகு தாது வருஷப் பஞ்சம். கடைசியில் பென்னிகுயிக். 1887ல் தொடங்கி, வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை மறுபடி கட்டி, காலராவிலும் மலேரியாவிலும் கூலியாட்கள் கொத்துக்கொத்தாகச் செத்து, 1895 அக்டோபரில் அணை திறந்தது. கூட்டிக் கழித்தால் 106 வருஷம்!

முத்திருளப்பப் பிள்ளையின் கணக்கு தப்பா? இல்லை. கையில் இருந்த பணத்துக்கு அவர் முடிவு சரி. கால்டுவெல் அன்றைக்கு எழுதியதும் அவர் அளவில் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பை யாரும் வாராக்கடன் என்று தள்ளவில்லை. எதிர்நோக்கு என்பதற்கு எனக்குப் புரிகிற அர்த்தம் இதுதான். நடக்கும் என்று உத்தரவாதம் கேட்காமல், அந்தத் திசையைப் பார்த்தே நிற்பது. தண்ணீரைக் கண்ணால் பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். இன்றைக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாள் என்று ஊர் ஊராகப் பொங்கல் வைக்கிறார்கள். செத்த கூலிகளுக்கு யாரும் வைப்பதில்லை. அவர்கள் எதை எதிர்நோக்கி மலை ஏறினார்கள்? அன்றையக் கூலியைத்தான். அடுத்தவர் எதிர்பார்ப்புக்கு உயிரைக் கொடுத்தவர்களை எந்த ஏட்டில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்னொரு கணக்கும் உதைக்கிறது. 2011 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குமுளி நோக்கி நடந்தார்கள். எல்லைச் சாலை அடைபட்டது. ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம்ம பக்கத்துப் பெண்கள் பயந்து திரும்பினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில், அணை உடையும் என்று பயந்து உண்ணாவிரதம். அதுவும் திருவருகைக் காலம்தான். இரண்டு பக்கக் கோயில்களிலும் அந்த ஞாயிறுகளில் அதே மெழுகுவர்த்திகளை ஏற்றியிருப்பார்கள்.

நாம் எதிர்நோக்கியது 142 அடி. அவர்கள் எதிர்நோக்கியது, அந்த அடி ஏறாத ஒரு ராத்திரி. அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அந்தத் தீர்ப்பை ஏற்கிறவன். இருந்தாலும் ஆற்றோரம் பிள்ளைகளோடு படுத்திருக்கிறவருக்குத் தீர்ப்பு நகலைக் காட்டித் தூங்கச் சொல்ல முடியுமா? அந்த வருஷம் நவம்பரில், 35 வருஷம் கழித்து நீர்மட்டம் 142ஐத் தொட்டது. கம்பத்தில் சந்தோஷம். வண்டிப்பெரியாறில் அன்று ராத்திரி எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்ததோ!